சம்மதமா? சம்பிரதாயமா?

இந்த வாரம் நாம் எழுதப் புகும் விஷயத்தைக் கண்டு நமது வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கலாம். "பெண்களும் வாலிபர்களும் படிக்கும் பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவது?" என்று கேட்கலாம். அவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகின்றோம். கோயில் கோபுரத்தில் செதுக்கி வைத்திருப்பதையும், புராணங்களில் கடவுள்களின் பேரால் எழுதி வைத்திருப்பதையும் குடும்பத்தோடு பார்த்தும் கேட்டும் வருகின்றவர்களுக்கு, வயது வந்த மனிதர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றாமலும் கெடுக்காமலும் எப்படி நடந்துகொள்வது என்று பேசுவது மாத்திரம் ஆபாசமாகப் படுமானால், அந்தக் கோளாறு பேச்சில் இல்லை. கேட்கிறவர் காதில் இருக்கின்றது.

விஷயம் இதுதான். பெரும்பாலோர் விரும்புகிற மாதிரியல்லாமல் வேறு மாதிரியான காதல் வாழ்வை விரும்புகிற ஆண்களும் பெண்களும் எல்லாத் தேசத்திலும் இருக்கின்றார்கள். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் ஒரு வகை. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரியவே ஒருவருக்கு மேற்பட்டவரைக் காதலிப்பவர்கள் மற்றொரு வகை. கட்டுவதிலும் கட்டப்படுவதிலும், உத்தரவிடுவதிலும் கீழ்ப்படிவதிலும், சிறு வலியைக் கொடுப்பதிலும் பெறுவதிலும் இன்பம் காண்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள் தங்களுக்கேற்ற துணையை எப்படித் தேடுகின்றார்கள், எதற்கு அஞ்சுகின்றார்கள் என்பதை, சுவிட்சர்லாந்து தேசத்து ஜூரிச் நகரத்தை வைத்துப் பார்ப்போம். ஜூரிச் எதற்கென்றால், "ஜனங்களுக்குப் படிப்பும் பணமும் வந்துவிட்டால் மூடவழக்கம் தானே ஒழிந்துபோகும்" என்று சொல்லுகிற நண்பர்களுக்கு அந்த ஊரே தக்க பதிலாயிருக்கின்றது.

ஜூரிச் உலகத்திலுள்ள பெரும் பணக்கார நகரங்களில் ஒன்று. பாங்கிகளும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் நிறைந்த ஊர். ஆனால் ஜனத்தொகையோ ஏறக்குறைய நான்கரை லட்சந்தான். அதாவது நமது திருநெல்வேலி நகரத்தின் அளவு. இப்படிப்பட்ட ஊரில் இன்று காலை டிராமில் எதிரே உட்கார்ந்தவரை நாளை ஆபீசிலும், மறுநாள் ஏரிக்கரையிலும் பார்க்க நேரிடும்.

அந்த ஊரின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1519-ல் அங்கே பாதிரியாக வந்தவர் ஸ்விங்லி என்பவர். 1522-ல் விரத காலத்தில் ஓர் அச்சுக்கூடத்தார் வீட்டில் சிலர் இறைச்சி தின்றது பெருங் குற்றமாகப் பேசப்பட்டபோது, தின்றவர்கள் பக்கம் நின்று வாதாடினார். பாதிரிகள் கலியாணம் செய்யக்கூடாது என்ற கட்டளையையும் மீறி, அதே வருஷத்தில் ஒரு விதவையை ரகசியமாக மணந்து, 1524-ல் அதைப் பகிரங்கப்படுத்தினார். இவ்வளவும் சரி. ஆனால் 1525-ல் அவர் காலத்திலேயே அவ்வூரில் ஒரு கலியாணக் கோர்ட்டு ஏற்பட்டது. யார் யாரோடு எப்படி வாழ்கின்றார்கள் என்று விசாரிப்பதும் கண்டிப்பதும் அந்தக் கோர்ட்டின் வேலையாயிற்று. தன் கட்டை அறுத்துக்கொண்டவர்கள் அடுத்தவனுக்கு வேறு கட்டுப் போட்டார்கள் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்?

இது ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். கலியாணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து குடியிருப்பது ஜூரிச் மாகாணத்தில் 1972 வரையில் சட்டவிரோதம். வாலே என்ற மாகாணத்தில் 1995 வரையில் சட்டவிரோதம். ஆனால் அதே தேசத்தில், புருஷன் தன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால் அது பலாத்காரக் குற்றம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1992-ல்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் மனமொத்து, கலியாண முத்திரையில்லாமல் வாழ்ந்தால் குற்றம். கலியாண முத்திரை இருந்து, ஒருத்திக்கு மனமேயில்லாமல் ஒருவன் அவளை ஆண்டால் குற்றமில்லை. சம்பிரதாயம் என்பதன் யோக்கியதை இதுதான். அது சடங்கு நடந்ததா என்று கேட்குமே ஒழிய, சம்மதம் இருந்ததா என்று கேட்காது.

மற்றொரு வேடிக்கை. பாங்கியில் பணம் போட்டவனுடைய ரகசியத்தை வெளியிடுவது குற்றம் என்று அத்தேசத்தார் 1934-லேயே சட்டம் செய்துகொண்டார்கள். ஆணை நேசித்த ஆண்களுடைய ரகசியத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது? வயது வந்தவர்களுக்குள் அது குற்றமில்லை என்று 1942 முதற்கொண்டு சட்டம் சொல்லியும், ஜூரிச் போலீசார் அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை 1979 வரையில் வைத்திருந்தார்கள். 'வட்டம்' என்று பொருள்படும் 'டெர் கிரைஸ்' என்ற பத்திரிகை அவர்களுக்காகவே 1967 வரை அவ்வூரிலிருந்து நடந்து வந்தது. அதன் ஆசிரியரான கார்ல் மையர் என்ற நடிகர்கூட 'ரோல்ஃப்' என்ற புனைபெயரில்தான் எழுதினார். பணத்துக்குக் கிடைத்த மானம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

நிற்க, இன்று சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. 2021 செப்டம்பர் 26-ந் தேதி சுவிஸ் ஜனங்கள் நூற்றுக்கு 64 பேருக்கு மேல் வோட்டளித்து, ஓரினத்தார் கலியாணத்தை ஒப்புக்கொண்டார்கள். 2022 ஜூலை முதல் அது அமுலில் இருக்கின்றது. 1886-ல் கிராஃப்ட்-எபிங் என்ற வைத்தியர் எழுதிய புத்தகத்தில் வியாதி என்று பெயர் சூட்டப்பட்ட விருப்பங்களில் பலவற்றை, உலக சுகாதார ஸ்தாபனம் 2022 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சம்மதமில்லாதவர் மேல் செய்யப்படும் கொடுமையே இப்போது நோய்க் கணக்கில் நிற்கின்றது. ஆகவே சட்டமும் வைத்தியமும் வழி விட்டுவிட்டன. வழிவிடாமல் நிற்பது எது? ஊர்வாய்!

இக்காலத்தில் துணை தேடுகிறவர்கள் கைத்தொலைபேசிச் செயலிகளில் தேடுகின்றார்கள். லண்டன், பெர்லின் போன்ற பெருநகரங்களில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடலாம். சின்ன ஊரிலோ தேடத் தொடங்கிய சில நாளிலேயே பார்த்த முகமே திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று ஆபீஸ் மேலதிகாரியாக இருக்கும். ஒன்று பிள்ளையின் வாத்தியாராக இருக்கும். 1983-க்குப் பின் யுத்தத்துக்கு அஞ்சி இலங்கையிலிருந்து அத்தேசம் சென்று குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளுக்கோ, அந்தச் சின்ன ஊருக்குள் இன்னொரு சின்ன ஊர். மச்சான் கண்ணில் பட்டால் மாமி காதுக்குப் போகும். மாமி காதுக்குப் போனால் யாழ்ப்பாணம் வரையில் போகும். ஆதலால் பலர் முகமில்லாத படத்தையும் பொய்ப் பெயரையும் வைத்துக்கொண்டு தேடுகின்றார்கள்.

இந்தப் பயம் யாருக்கு லாபம்? யோக்கியனுக்கு லாபமில்லை; மிரட்டுகிறவனுக்கே லாபம். 2015-ல் 'ஆஷ்லி மேடிசன்' என்ற கள்ள உறவுக்கான இணையதளத்திலிருந்து மூன்று கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் திருடி வெளியிடப்பட்டபோது, "பணம் கொடு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்குத் தெரிவிப்போம்" என்று உலகமெங்கும் மிரட்டல்கள் புறப்பட்டன. மனைவியை ஏமாற்றினவனுக்காக நாம் கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் எவரையும் ஏமாற்றாதவனும் அதேபோல் நடுங்க வேண்டியிருப்பது என்ன நியாயம்? வெட்கத்துக்கிடமில்லாத இடத்தில் வெட்கத்தை உண்டாக்கி வைத்த சமூகமே மிரட்டுகிறவனுக்கு முதல் போட்டுக் கொடுக்கின்றது.

இனி, அந்தச் சிறு கூட்டத்தார் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டிருக்கிற ஒழுங்கைக் கவனியுங்கள். முதற் சந்திப்பு நாலு பேர் நடமாடும் காப்பிக் கடையில், சாதாரண உடையில், வெறும் பேச்சோடு முடிய வேண்டும். எங்கே போகின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை நம்பிக்கையான ஒரு சிநேகிதருக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒருவருடைய பெயரையும் உத்தியோகத்தையும் அவர் அனுமதியின்றி வேறொருவரிடம் சொல்லக்கூடாது. எது சம்மதம், எது சம்மதமில்லை, உடம்பில் என்ன கோளாறு என்பதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். குடிவெறியில் எதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்துவதற்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்கின்றார்கள். தெருவிளக்கைப் போல 'மஞ்சள்' என்றால் மெதுவாக, 'சிவப்பு' என்றால் அந்த க்ஷணமே நிறுத்த வேண்டும். ஏன் என்ற கேள்வி கிடையாது; கோபமும் கிடையாது.

நமது ஊர்க் கலியாணப் பேச்சோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சாதி பேசுகின்றோம், நட்சத்திரம் பேசுகின்றோம், பவுன் பேசுகின்றோம், பந்திக்கு எத்தனை இலை என்று பேசுகின்றோம். "உனக்கு என்ன வேண்டும்? என்ன வேண்டாம்?" என்று அந்தப் பெண்ணிடம் பேசுகின்றோமா? 'சிவப்பு' என்று சொல்ல அவளுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கின்றோமா? இதில் யார் ஒழுக்கமுள்ளவர், யார் ஒழுக்கங்கெட்டவர்?

இவ்விடத்தில் ஒரு சுயமரியாதைக்காரர் நம்மைக் கேட்கலாம். "ஒருவர் உத்தரவிட ஒருவர் கீழ்ப்படிவதும், ஒருவர் கட்ட ஒருவர் கட்டுப்படுவதும் அடிமைத்தனமல்லவா? அடிமைத்தனத்தை ஒழிக்க வந்த நாம் அதற்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று. இது நல்ல கேள்வி. மழுப்பிவிட்டுப் போகக்கூடாத கேள்வி. நமது பதில் என்னவென்றால், அடிமைக்கு அடையாளம் கயிறல்ல. "போதும்" என்று சொல்ல முடியாமையே அடையாளம். நாடகத்தில் ராஜா வேஷக்காரன் சேவகன் வேஷக்காரனை உதைக்கிறான். திரை விழுந்ததும் இருவரும் சமமாக உட்கார்ந்து காப்பி குடிக்கின்றார்கள். எவ்விடத்தில் கட்டுப்பட்டவருடைய ஒரு சொல்லுக்குக் கட்டினவர் கட்டுப்படுகின்றாரோ, அவ்விடத்தில் நடப்பது விளையாட்டு. எவ்விடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லையோ, அவ்விடத்தில் தாலி இருந்தாலும் சரி, மோதிரம் இருந்தாலும் சரி, "நாங்கள் புதுமைக்காரர்கள்" என்ற பட்டம் இருந்தாலும் சரி, நடப்பது அடிமைத்தனந்தான்.

இந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு அந்தப் புதுமைக்காரர்களையும் அளந்து பார்க்க நாம் அஞ்சவில்லை. கழுத்தை நெரிப்பதை இக்காலத்தில் சிலர் விளையாட்டாகப் பரப்பி வருகின்றார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். நினைவு தப்பினவர் 'சிவப்பு' என்று எப்படிச் சொல்வார்? சொல்ல வேண்டிய வாயையே அடைத்துவிட்டுச் சம்மதம் என்று பேசுவது புரட்டு. இங்கிலாந்தில் பெண்களைக் கொன்ற ஆண்களில் சிலர் "அவளே விரும்பினாள்" என்று கோர்ட்டில் சாதிக்கத் தொடங்கியதால், காமத்தின் பேரால் செய்த கடுங்காயத்துக்குச் சம்மதம் சமாதானமாகாது என்று 2021-ம் வருஷத்துச் சட்டத்தில் எழுத வேண்டியதாயிற்று.

அன்றியும் ஜூரிச்சில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டார். புருஷனையோ மனைவியையோ நம்பி வந்து குடியிருப்பு அனுமதி பெற்றவர்கள் அவர்களில் பலர். கலியாணம் பொதுவாக மூன்று வருஷமாவது நிலைத்திருந்தால்தான், பிரிந்த பிறகும் தங்கும் உரிமை கிடைக்கும். வீட்டில் கொடுமை நடந்தது போன்ற காரணங்களைக் காட்டினால் விலக்கு உண்டு. இப்படிப்பட்ட நிலையில், "மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்வோம், நீ மறுத்தால் பத்தாம்பசலி" என்று பணக்காரக் கணவன் சொல்லும்போது, அந்தப் பெண் தலையசைத்தால் அது சம்மதமாகுமா? வாடகைக்குப் பயந்தும், ஊரை விட்டுத் துரத்தப்படுவோம் என்று பயந்தும் அசைகிற தலைக்குச் சம்மதம் என்று பெயரில்லை. "நீ புதுமைக்காரியல்ல" என்று சொல்லிப் பணிய வைப்பதும், "நீ பதிவிரதையல்ல" என்று சொல்லிப் பணிய வைப்பதும் ஒரே புரோகிதத்தின் இரண்டு வேஷங்கள்.

கடைசியாக ஒரு தேதியை மனதில் வையுங்கள். 2024 ஜூலை 1. அன்று சுவிட்சர்லாந்தில் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. ஒருவர் வாயாலோ ஜாடையாலோ வேண்டாம் என்று காட்டியும் மீறினால், அடியோ மிரட்டலோ இல்லாவிட்டாலும் அது பலாத்காரம். அதிர்ச்சியில் உறைந்து வாயடைத்துப் போனவரிடம் அந்நிலையைப் பயன்படுத்திக்கொண்டாலும் பலாத்காரம். ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் அனுமதியின்றிப் பிறருக்கு அனுப்புவதும் குற்றம். அதே 2024 ஜூலை 1-ந் தேதி நமது இந்தியாவிலும் பழைய பீனல்கோடு போய்ப் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. அதில், மனைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால், புருஷன் செய்வது பலாத்காரமாகாது என்ற பழைய விலக்கு அப்படியே உட்கார்ந்திருக்கின்றது. பேர் மாறிற்று, தாலிக்குக் கொடுத்த லைசென்சு மாறவில்லை.

ஆகவே தோழர்களே! எல்லோரும் இந்த வழியில் வாழுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஒருவர் விருப்பம் மற்றவருக்கு விருப்பமாக வேண்டிய அவசியமுமில்லை. நாம் சொல்லுவது, அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்து "இது வழக்கமா?" என்று கேட்கும் வேலையை விடுங்கள் என்பதுதான். கேட்க வேண்டுமானால் மூன்றே கேள்விகள். இருவரும் வயது வந்தவர்களா? ஏமாற்றும் பயமுறுத்தலும் இல்லாமல் ஒப்பினார்களா? வேண்டாமென்றால் அந்த க்ஷணமே நிற்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால், அங்கே நமக்கு ஜோலியில்லை. ஒன்றுக்கு இல்லையென்றாலும், அங்கே தாலி கட்டியிருந்தாலும், ஐயர் வந்திருந்தாலும், ஊரே கூடி அட்சதை போட்டிருந்தாலும், நாம் சும்மாயிருக்கக் கூடாது.

இந்த மூன்று கேள்விகளையும் ஜூரிச்சைப் பார்த்துக் கேட்டு முடிந்த பிறகு, உங்கள் உங்கள் வீட்டையும் பார்த்து ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் எப்படி வருகின்றது என்பதைப் பொறுத்தது உங்கள் சுயமரியாதை.