கண்மாய்த் தூண்டில் கடலுக்குப் போனால்...

புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல் நினைவுக்கே வராது. ஆனால் அறந்தாங்கியைத் தாண்டிப் போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவை ஒட்டி வரிசையாகக் கரை ஊர்கள். எங்க வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷமும் கவிநாட்டுக் கண்மாய்தான் சொர்க்கம். மூங்கில் தூண்டிலும் டப்பா நிறைய மண்புழுவுமாகப் போய் கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால் என்று கொண்டு வருவார். இப்போது, "எத்தனை நாளைக்குத்தான் அதே கெண்டை? புது ஜாதி மீனாப் பிடிக்கணும்" என்று மணமேல்குடிப் பக்கம் பஸ் ஏறுகிறார்.

நம் சகோதரிகள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு தூண்டில் பைத்தியம் இருக்கும். (பைத்தியம் என்று சொன்னதற்கு அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) அவர்கள் பிடிப்பதைக் கழுவி, ஆய்ந்து, சமைப்பது நாம்தானே? அதனால் நாமும் சிலது தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலில் மண்புழு அவ்வளவாக எடுபடாது. இறால் துண்டு, கணவாய்த் துண்டு வேண்டும். கண்மாய்த் தண்ணீர் போலக் கடல் சும்மா கிடக்காது. ஏற்றம், வற்றம் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியில் அது கூடுதல். இதெல்லாம் அவர்கள் பாடு.

நம் பாடு முள்ளில் ஆரம்பிக்கிறது. கண்மாயில் பெரிதாகப் பயப்பட வேண்டியது தேளி மீன்தான். கடலில் அப்படி இல்லை. பாக் விரிகுடாவில் கடற்புல் அதிகம். அதை மேயும் ஓரா மீனும் அதிகம். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் முதுகு முள், வயிற்று முள் எல்லாவற்றிலும் விஷம். கடல் கெளுத்தி முள்ளும் அப்படித்தான். திருக்கை வால் முள்ளோ இன்னும் மோசம்.

எங்க வீட்டுக்காரர் கெண்டையைப் பிடிப்பது போல ஓராவைக் கைக்குள் அழுத்திப் பிடித்துவிட்டார். கை கடுத்துத் துடித்தவரைப் பார்த்து, கரையில் மீன் விற்ற பெரியம்மா ஒருவர், "தம்பி, கையை உதறாதீங்க. டீக்கடைக்குப் போய் சுடுதண்ணியில வைங்க" என்றாராம். டாக்டர்கள் சொல்வதும் அதேதான். கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி அடங்கும். குத்துப்பட்ட கை மரத்திருக்கும், சூடு தெரியாது. அதனால் தண்ணீரை அடுத்த கையால் பார்க்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. கயிறு கட்டுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், முள் ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டி.டி. ஊசி பற்றியும் கேட்டுவிடுங்கள்.

முள்ளாவது கையோடு போகும். பேத்தை மீன் உயிரையே வாங்கிவிடும். தண்ணீரை விட்டு எடுத்ததும் வயிற்றைப் பந்து போல உப்ப வைக்கும், செதில் இருக்காது, பல் கிளி மூக்கு மாதிரி. குழந்தைகள் விளையாடக் கேட்கும், கொடுக்காதீர்கள். இதன் ஈரல், சினை, தோல் எல்லாம் கடும் விஷம். சில ஜாதியில் சதையும்கூட. எவ்வளவு கொதித்தாலும், புளி எத்தனை கரைத்து ஊற்றினாலும் அந்த விஷம் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், அப்புறம் கை கால் விழும், கடைசியில் மூச்சு. மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் செயற்கையாக மூச்சுக் கொடுத்துத்தான் காப்பாற்ற முடியும். ஜப்பானில் இதைச் சமைக்கத் தனி லைசென்ஸ் உண்டு. 2008-ல் வங்காள தேசத்தில் இதைச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். பெயர் தெரியாத மீன் அரிவாள்மனைக்கு வராது! கரையிலேயே மீனவர்களிடம் காட்டிப் பெயர் கேட்டு வர வேண்டும். ஐஸ் பெட்டியும் கட்டாயம். அயிலை, சூடை, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் கெட்ட வாடை வருமுன்னே உடம்பில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருள் ஊறிவிடும். அதுவும் கொதியில் போகாது.

சமையலில் ஒரு சந்தேகம் பலருக்கு இருக்கிறது. கடல் மீன்தானே என்று குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டாம்; மீன் உப்புத் தண்ணீரில் வாழ்ந்தாலும் சதை உப்புக் கரிக்காது. கண்மாய் மீனுக்குப் போல மண் வாடை போகக் கல்லுப்பும் புளியும் போட்டு உரசித் தேய்க்கவும் வேண்டியதில்லை, மஞ்சள் தூள் போட்டு அலசினால் போதும். ஓராவை மட்டும் கத்தரிக்கோலால் முள்ளை எல்லாம் நறுக்கி எறிந்த பிறகே கையில் எடுங்கள். செத்த மீன் முள்ளும் குத்தும். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு நிறையப் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாக வைத்துக் குழம்பு வையுங்கள். விராலை மறந்துவிடுவார்கள்.