வேலை போகிற இடமும் வருகிற இடமும்

அமெரிக்க ஐடி வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் வருவதைப் பேசும்போது, அங்கே நஷ்டம், இங்கே லாபம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். மிச்சமாகும் பணம் நிறுவனத்துக்குப் போகிறது. வேலை பறிபோகும் செலவை எந்த ஊராக இருந்தாலும் ஊழியரே சுமக்கிறார். 2014 இறுதியில் புளோரிடாவின் டிஸ்னியில் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களுக்கு வேலைநீக்க அறிவிப்பு வந்தது. அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு விசாவில் வந்தவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டே வெளியேறினார்கள். நம் அலுவலகங்களில் இதற்கு 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரின் வேலையும் ஒப்பந்தம் உள்ளவரைதான்.

வர்த்தகத்தால் வேலை இழந்தோருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் அமெரிக்காவில் 1960களிலிருந்தே உண்டு. அது ஆலைத் தொழிலாளரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த உதவியைப் பெற மென்பொருள் ஊழியர்கள் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. சேவைத் துறையினரைச் சட்டம் சேர்த்துக்கொண்டது 2009இல். 2022 ஜூலையோடு புதிய விண்ணப்பங்களுக்கு அந்தக் கதவும் மூடியது. உதவி நின்ற பிறகு, வெளிநாட்டு ஊழியரை வரவழைக்கும் புதிய எச்1பி விசா விண்ணப்பத்துக்கு 2025இல் 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தார் டிரம்ப். இணையம் வழியே சென்னைக்கு வரும் வேலையை அது தொடவே தொடாது.

கைநிறையச் சம்பளம் வாங்குபவருக்குப் பாதுகாப்பு எதற்கு என்பார்கள். இந்தியாவின் பெரிய ஐடி நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக 3, 4 லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது; சென்னை ஓஎம்ஆர் சாலைப் பகுதியின் வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. தொழிலாளர் சட்டத்தை இறுக்கினால் வேலை மணிலாவுக்குப் பறந்துவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் தளர்ந்திருக்கும்போதே, 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக 2025 ஜூலையில் டிசிஎஸ் அறிவித்ததே? மலிவுக்காக மட்டும் வந்த வேலை, அதைவிட மலிவான வழி கிடைத்ததும் போகத்தான் செய்யும்.

ஐடி ஊழியரும் சங்கம் அமைக்கலாம், அப்போதைய தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளியின் மறுபயிற்சிக்கு 15 நாள் ஊதியத்தை நிறுவனம் கட்ட வேண்டும் என்கிறது. தொகை சொற்பம். அதுவும், 'டீம் லீட்' தொழிலாளியே இல்லை, மேற்பார்வையாளர் என்று வாதிட்டால் கிடைக்காது. எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கிவிட்டாலோ, அது ஆட்குறைப்பாகவே பதிவாகாது. தொழிலாளர் துறை முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த ராஜினாமாக்களின் கணக்கை.