கேட்டுட்டு எடுங்க சார்!

ரசிகர்களில் பல ரகம். கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர், முதல் நாள் முதல் காட்சியில் விசிலடிக்கிறவர், டிக்கெட் கிடைக்காமல் சட்டை கிழிந்து திரும்புகிறவர். இவர்களுக்கு நடுவே சத்தமே போடாத ஒரு ரகம் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் எல்லோரும் தூங்கினப்புறம், தனக்குப் பிடித்த ஹீரோவையோ நாவல் பாத்திரத்தையோ உட்கார்ந்து வரைகிறவர். ஒரு படம் முடிய மூணு ராத்திரி ஆகும். சம்பளம் கிடையாது, பேட்டா கிடையாது. படத்தின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் அவர் கண்ட பலன்.

அந்த எறும்பைத்தான் நாம் முதலில் நசுக்குகிறோம்.

படம் நன்றாக இருக்கிறதே என்று போனில் இறக்குகிறோம். ஓரத்தில் கையெழுத்து உறுத்துகிறதே என்று வெட்டுகிறோம். மேலே ஒரு ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்'. மாமனார் வரைக்கும் அனுப்பியாச்சு. "மாப்ளே, நீங்க வரைஞ்சதா?" என்று அவர் கேட்டால் ஓர் அடக்கமான சிரிப்பு. ஆமான்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை.

"அண்ணே, அவனே அடுத்தவன் ஹீரோவைக் கேட்காம எடுத்து வரையறவன். திருடன் வீட்டுல திருடினா என்ன தப்பு?" என்று டீக்கடையில் ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. பதிலுக்கு ஜப்பான் வரை போய் வரணும்.

டோக்கியோவில் 1975 டிசம்பரில் 'காமிக் மார்க்கெட்' என்று ஒரு சந்தை ஆரம்பித்தார்கள். ரசிகர்கள் தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்த புத்தகங்களை விற்கிற சந்தை. முதல் தடவை கடை போட்டது 32 குழுக்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர். இப்போது கூட்டம் லட்சக்கணக்கில். விற்கிற புத்தகங்களில் ஏராளமானவை அடுத்தவர் படைத்த பாத்திரங்களை வைத்து வரைந்தவை. பதிப்பாளர்கள் நினைத்தால் வழக்குப் போடலாம். பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரிஜினல் புத்தகத்தை வாங்குவதும் இதே ரசிகர்கள்தானே! நாளைய ஓவியர்களும் இங்கிருந்து வருகிறார்கள். 'கிளாம்ப்' என்ற புகழ்பெற்ற பெண் ஓவியர் குழு 1980-களில் இப்படித்தான் ஆரம்பித்தது.

அதே ரசிக ஓவியர்கள் தங்கள் படத்துக்குக் கீழே 'முதான் தென்சாய் கின்ஷி' என்று எழுதி வைப்பதுண்டு. 'கேட்காமல் எடுத்துப் போடாதே' என்று அர்த்தம்.

இது என்ன இரட்டை வேஷம் என்கிறீர்களா? இல்லை. ரசிகன் எடுப்பது பாத்திரத்தை. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். 'நான் பெத்த பிள்ளை' என்று அவன் சொல்வதில்லை. நாம் எடுப்பது அவன் இழுத்த கோட்டை. அது யார் கோடு என்பதையும் மறைத்துவிட்டு எடுக்கிறோம்.

நம்ம ஊரில் சில விஷயம் இன்னும் சுலபம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. வந்தியத்தேவன் நம் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் ஒருத்தர் தன் கற்பனையில் வரைந்த வந்தியத்தேவன் மீசை அவருக்கு மட்டுமே சொந்தம்!

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. 'பொன்னியின் செல்வன்' படம் வந்த 2022-ல் அந்த மீசையை ஆசை ஆசையாக வரைந்தான். அடுத்த வருஷம் ஒரு ஜவுளிக்கடை காலண்டரில் அதே வந்தியத்தேவன். குதிரைக் காலடியில் கையெழுத்து இருந்த இடத்தில் கடையின் போன் நம்பர். போய்க் கேட்டான். "தம்பி, உங்களுக்கு இது விளம்பரம்தானே?" என்றார் முதலாளி, காபி வரவழைத்து.

"பேரை அழிச்சிட்டீங்களே சார், யாருக்கு விளம்பரம்?"

அதற்கு பதில் இல்லை. ஒரு காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்தனுப்பினார். பையன் இப்போதெல்லாம் வரைவதில்லை. பதினோரு மணிக்குத் தூங்கிவிடுகிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும்கூட, 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். சர்க்கார் சொல்லிச் செய்த சிற்பம்தான். ஆனாலும் சிற்பத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் நஷ்டஈடும் கொடு என்று 2005-ல் டெல்லி ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. வருஷங்களைக் கவனியுங்கள். பஸ் பாஸுக்கே யோசிக்கிற ரசிக ஓவியன் அத்தனை காலம் வக்கீலுக்கு எங்கே போவான்? சினிமா ஹீரோ படமென்றால் முதல் கேள்வி அவனைப் பார்த்தே வரலாம். அவனுக்குப் பாதுகாப்பு நம்ம மரியாதைதான்.

எனவே, சில எளிய விதிகள்:

1. கேளுங்கள். 'உங்க படத்தை இதுக்கு உபயோகிக்கலாமா?' ஒரே வரி. பலர் சந்தோஷத்தில் கூட ரெண்டு படம் அனுப்புவார்கள்.

2. பதில் வரவில்லை என்றால் சம்மதம் இல்லை. பெண் வீட்டில் பதிலே சொல்லாதபோது மண்டபம் புக் பண்ணுவோமா?

3. 'வேண்டாம்' என்றால் வேண்டாம். காரணம் கேட்டுப் பிராணனை வாங்காதீர்கள்.

4. பேரைப் போடுங்கள். 'நன்றி: இணையம்' என்பது பேர் இல்லை. நீங்கள் வைத்த மொய்யை 'யாரோ ஒரு நல்லவர், 501 ரூபாய்' என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா?

5. வெட்டாதீர்கள், நிறம் மாற்றாதீர்கள், மீசையைத் திருத்தாதீர்கள்.

6. பனியன், காலண்டர், காபி கப் என்று காசு வருகிற காரியமானால் பேர் மட்டும் போதாது. பேசி, பணம் கொடுங்கள். 'அதான் பேர் போட்டோமே' என்பது, ஓட்டலில் ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டுவிட்டு, 'சாம்பார் பிரமாதம்' என்று சொல்லிக் கை கழுவிக்கொண்டு போவது மாதிரி. சொல்லிப் பாருங்கள், கல்லாவில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று!