கேட்கும் வகுப்பு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம், நெய்யூர்)

இது அறிவியல் யுகம். உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த உள்ளங்கை உலகத்தை வகுப்பறைக்குள் அனுமதிக்கலாமா, வாசலிலேயே நிறுத்திவிடலாமா என்பதுதான் இன்றைய வாதம். கைப்பேசி மாணவரைக் கெடுக்கிறது என்பார் ஒரு சாரார். கைப்பேசியின்றி இனிக் கல்வியே இல்லை என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. வகுப்பில் எழுந்து கேட்கத் துணியாத ஒருவர், தம் ஐயத்தை அந்தக் கைப்பேசியிலாவது கேட்க முடிகிறதா?

இன்று வாட்ஸ்அப் குழு இல்லாத வகுப்பு இல்லை. அதில் வருவன யாவை? தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், கால அட்டவணை, பிறந்தநாள் வாழ்த்து, யாரோ எழுதிய குறிப்புகளின் படம். சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகை கைக்குள் வந்திருக்கிறது, அவ்வளவே. அறிவிப்புப் பலகையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று குறைந்துகொண்டே போகும் எண்களை விடாமல் கூட்டிக்கொண்டு போனால், கூட்டுத்தொகைக்கு எல்லையே கிடையாது என்று வகுப்பில் படித்தோம். கூட்டுகின்ற எண்ணோ பூச்சியத்தை நெருங்குகிறது; தொகை மட்டும் எப்படி வளர்ந்துகொண்டே போகும்? வகுப்பில் கேட்க வாய் வரவில்லை. இரவில் துணிந்து குழுவில் கேட்டுவிட்டேன். ஐம்பது பேருக்கு மேல் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை அனுப்பினார். விடை வரவில்லை. சற்று நேரத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி எனக்கு மட்டும் ஒரு தாளின் படத்தை அனுப்பினாள். மூன்றிலொன்றும் காலும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்து வரும் நான்கு எண்கள் சேர்ந்தாலும் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் முடிவேது? ஐந்து வரியில் என் ஐயம் தீர்ந்தது.

மறுநாள் அவளிடம், “இதைக் குரூப்பிலேயே போட்டிருக்கலாமே?” என்றேன். “தப்பா இருந்தா எல்லாரும் சிரிப்பாவ. அதுவும் போக, குரூப்ல ஒரு வார்த்தை பேசினா போதும், ராத்திரி தெரியாத நம்பர்ல இருந்து ‘ஹாய்’ வரும்” என்றாள். ஐம்பது பேருக்குப் பயன்பட வேண்டிய விளக்கம் என் ஒருத்தியோடு நின்றுபோனது.

இது சிறு விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. என் தந்தை ரப்பர் பால் வெட்டுபவர். தாய் அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் என்னை ஊக்கப்படுத்த இருவர் உண்டு. பாடத்தில் ஐயம் கேட்க ஒருவரும் இல்லை. நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். வசதியுள்ளவர் டியூஷனுக்குப் போகலாம். மற்றவருக்கு வகுப்பும் வகுப்புத் தோழர்களுமே கதி.

2020-ஆம் ஆண்டில் நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. விடியுமுன் பால் வெட்டப் போன அப்பா முற்பகலில் திரும்பிய பிறகுதான் அது என் கைக்கு வரும். பாடம் வந்து சேர்ந்துவிடும். என் ஐயம் திரும்பிப் போகத்தான் வழியில்லை.

பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பணியில் நம் நாடு குறை வைக்கவில்லை. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றே பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் ஸ்வயம் தளமும், 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியும் வந்தன. 2021 தொடக்கத்தில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணைய வசதியைத் தமிழக அரசு விலையின்றி அறிவித்தது. அதே ஆண்டின் விதிமுறைப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகவே படிக்க இடமுண்டு. தொலைக்காட்சி பேசும், நாம் சொல்வதைக் கேட்காது. இணையத்தளங்களில் கேள்வி கேட்க இடமிருந்தாலும் அங்கே வழங்குவது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் படித்து வந்தவர் அந்த வாசலிலேயே தயங்கி நிற்கிறார்.

ஆகவே ஐயம் கேட்கும் இடத்தை நாமே நம் வகுப்பில் அமைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்த மண்ணின் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்தி, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அன்று மணலில் நடந்ததைக் கண்ணாடித் திரையில் நம்மால் நடத்த முடியாதா?

பேராசிரியர்களின் அச்சமும் நியாயமானதே. பாடம் பார்க்கத் திறந்த கைப்பேசி எங்கெங்கோ இழுத்துச் செல்லும் என்பதை நாமே அறிவோம். கற்றலுக்குத் துணை செய்யும் இடத்தில் மட்டுமே தொழில்நுட்பம் வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையும் வலியுறுத்துகிறது. இரவு பதினொரு மணிக்கு மாணவர் கேட்கும் ஐயத்துக்கு ஆசிரியர் விடை தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

எனவே என் யோசனைகள் எளியவை. அறிவிப்புக்கு ஒரு குழு, ஐயத்துக்குத் தனி இடம் என்று பிரித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கூகுள் கிளாஸ்ரூமில் கைப்பேசி எண்ணைக் காட்டாமலே கேட்கலாம். ஐயத்துக்கு அதுவே தக்க இடம். வாரம் இருவர் முறை வைத்துச் சட்டாம்பிள்ளைகளாக இருக்கட்டும். கைப்பேசி இல்லாதவர் தாளில் எழுதித் தரும் ஐயத்தையும் அவர்களே அதில் சேர்க்கட்டும். தமிழிலும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம். தீராத ஐயங்களுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள், வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைப் பேராசிரியர்கள் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். தவறான விடையைத் திருத்துவோம், சிரிக்க மாட்டோம் என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

இதற்குப் பணம் வேண்டாம்; புதுக் கருவியும் வேண்டாம். ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் விடை சொல்ல வேண்டும், மற்றவர் சிரிக்காமல் இருக்க வேண்டும். முதல் ஐயத்தை நான் கேட்கிறேன். அன்று எனக்கு மட்டும் விடை அனுப்பிய தோழி, இம்முறை எல்லோரும் பார்க்க எழுதட்டும். அதற்கேற்ற வகுப்பாக நாம் மாறுவோம், தோழர்களே!