படிக்கட்டுக்கு விலை சொல்லுதல்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், தென்னக்கும்புர பாலத்தைக் கடந்து கிழக்கு நோக்கிப் பயணஞ் செய்வோர் பல்லேகலவை நன்கு அறிவர். 2010ஆம் ஆண்டு முதல் டெஸ்ட் துடுப்பாட்டப் பந்தயங்கள் நடைபெறும் மைதானம் அவ்வூரின் பெயரை வெளிநாட்டாரும் உச்சரிக்கச் செய்தது. நாம் இவ்வாரம் அங்கே செல்வது பந்தயம் பார்ப்பதற்கன்று. மலைச்சரிவிலே கிடைத்த சிறு காணியில் வீடு கட்டுவோர், பக்கவாட்டில் இடமின்மையால் மேல்மாடி எழுப்புகின்றனர். மாடி எழும்பினால் படிக்கட்டு வேண்டும். இரும்பினாற் சட்டமும் மரத்தினாற் படியுமாக அதனைச் செய்வித்தல் இன்று பலருக்கும் விருப்பமாயிருக்கிறது. அதற்கு என்ன விலை சொல்வது என்பதே நமது விடயம். பட்டறை வைத்திருக்கும் இளைஞர்க்கு இது சோற்றுக் கணக்கு. பள்ளி மாணவர்க்கோ பாடப்புத்தகத்தில் வராத நல்ல பயிற்சிக் கணக்கு.

முன்னாளிற் கண்டி இராச்சியத்தில் இக்கேள்வியே எழவில்லை. தச்சரும் கொல்லரும் 'கொட்டல் பத்த' என்னும் பகுதியிற் பதிவுபெற்று, தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு வேலை செய்தனர். நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் இம்முறையை விரித்துரைத்துள்ளார். எம்பெக்கே தேவாலயத்தின் கூரையில் 26 கைமரங்களை ஒரே மரஆணி பிணைத்து நிற்கும் விந்தையைக் கண்டவர்கள், அதைச் செய்தவன் எத்தனை நாள் செலவிட்டான் என்று வியந்திருக்கலாம்; அவன் நாட்களை எண்ணவேண்டிய அவசியம் இருந்ததில்லை. வயல் அவனுக்குச் சோறு போட்டது. 1830களின் தொடக்கத்தில் இராஜகாரிய முறை ஒழிந்தபின், கைவினைஞன் தன் நாளுக்குத் தானே விலை வைக்கவேண்டியவனானான். அந்தக் கணக்கு இன்னும் பலருக்குச் சரிவரவில்லை.

கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10 அடி என்பது 120 அங்குலம். இதனை 17 ஏற்றங்களாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 7 அங்குலத்துக்கு ஒரு நூலளவு கூடுதலாக வரும். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் மிதிபலகைகள் 16 போதும். ஒவ்வொரு படிக்கும் 10 அங்குலம் நடை. இரு ஏற்றங்களும் ஒரு நடையுஞ் சேர்ந்து ஏறக்குறைய 24 அங்குலம் வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சியக் கட்டிடக்கலைஞர் பிளொண்டல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. நமது படி அதற்கு ஒத்து வருகிறது. 16 படிகளும் சேர்ந்து நிலத்தில் 160 அங்குலம் நீளும். 120, 160 என்னும் இரு பக்கங்களுக்கும் கர்ணம் 200 அங்குலம் என்பதை மாணவர்கள் தாள் இல்லாமலே சொல்லிவிடுவர். பைதகரசு பட்டறைக்கும் வருவார் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் அளவு எடுக்கும்போதே பணம் போகும் இடம் ஒன்றுண்டு. தரைஓடு பதிக்கப்படாத வீட்டில் வெறுங் கொங்கிறீற்றிலிருந்து உயரம் அளந்து சட்டத்தை ஒட்டி முடித்தபின், கீழே இரண்டு அங்குலத்துக்குச் சாந்தும் ஓடும் ஏறினால் முதற்படி 5 அங்குலமாகச் சுருங்கிவிடும். மனிதனின் கால் எல்லாப் படியும் ஒரே உயரம் என்று நம்பி ஏறுவது. ஒன்று குறைந்தாலும் தடுக்கும். சட்டத்தைக் கழற்றித் திருத்தும் செலவோ தொழிலாளியின் தலையில் விழும். முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைவரை அளத்தல் வேண்டும். ஓடு இன்னும் வாங்கப்படவில்லையெனின் அதன் தடிப்பை வீட்டுக்காரரிடம் எழுத்திற் பெறுதல் வேண்டும்.

இனி மரத்துக்கு வருவோம். மிதிபலகை 3 அடி அகலம், மூக்கு நீட்சியுடன் 11 அங்குல ஆழம், சீவி முடித்தபின் ஒன்றரை அங்குலத் தடிப்பு. இத்தகைய 16 பலகைகளின் கன அளவு சரியாக ஐந்தரைக் கன அடி. அனுபவமில்லாதவர் மர ஆலையில் ஐந்தரைக் கன அடிக்கு விலை கேட்டு வந்து விடுகிறார். ஆனால் ஒன்றரை அங்குலம் சீவி எடுக்க 2 அங்குலப் பலகை வேண்டும். 11 அங்குலம் எடுக்க 12 அங்குலம் வேண்டும். அவ்வாறாயின் ஒரு பலகைக்கு அரைக் கன அடி, 16க்கு 8 கன அடி. வெடிப்பு, கணு, கோணல் ஆகியவற்றுக்காக இரு பலகை மிகையாகக் கொண்டால் 9 கன அடி. தூளாகவும் சுருளாகவும் பட்டறைத் தரையிற் கிடப்பதற்கும் நாம் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. 12 அங்குல அகலத்தில் ஒரே பலகை கிடைப்பதும் அரிது; இரு துண்டுகளை இணைத்துப் பசையிட்டு இறுக்கும் நாளும் கணக்கிற் சேரவேண்டும்.

கண்டிப் பகுதியில் பலரும் விரும்புவது பலா. பொன்னிறமும் உறுதியும் உடையது. தம் தோட்டத்திலேயே மரம் நிற்கிறது, அதை வெட்டித் தருகிறோம், மரச் செலவைக் கழித்துவிடுங்கள் என்பார் சிலர். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டுதலைத் தடுத்துள்ளது. அனுமதி பெறவும், அரிந்து உலர்த்தவும் செல்லும் மாதங்களை யார் பொறுப்பது? பச்சை மரத்தை இரும்பிற் பூட்டினால் அது சுருங்கி, ஏறும்போதெல்லாம் கிரீச்சிடும். மரம் அகலவாக்கில் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். இரும்பு அவ்வாறு செய்யாது. ஆதலால் திருகாணிக்கு வட்டத்துளையன்றி நீள்துளை இடுதலும், இரண்டுக்கும் இடையே இறப்பர்த் துண்டு வைத்தலும் நல்ல வேலைக்காரரின் அடையாளம். இவற்றுக்குப் பொருட்செலவு சொற்பம். ஒரு நாள் முழுவதும் தின்னும் வேலை.

இரும்பின் கணக்கு எளிது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு சதுர மீற்றர் உருக்குத் தகடு 7.85 கிலோ நிறையுடையது என்ற ஓர் எண்ணை மனனஞ் செய்தாற் போதும். 150க்கு 50 மில்லிமீற்றர்ப் பெட்டிக் குழாயின் சுற்றளவு 400 மில்லிமீற்றர். தடிப்பு 3 மில்லிமீற்றர். இருபுறத்துக்கும் 6 மீற்றர்க் குழாய் இரண்டு, ஆக 12 மீற்றர். பெருக்கிப் பார்த்தால் 113 கிலோ. மூலை வளைவுகளால் சிறிது குறையும். (இது கணக்குக்காக எடுத்த அளவு. பாரம் தாங்குமா என்பதைப் பொறியியலாளரே சொல்லவேண்டும்.)

இலாபத்தை உண்மையில் விழுங்குவது கைப்பிடி வேலி. படிக்கு இரண்டு கம்பி வீதம் 32 கம்பி என்று வாயாற் சொல்லிவிடுவர். 10 அங்குல நடையில் இரண்டு அரை அங்குலக் கம்பி நிறுத்தினால் இடைவெளி நாலரை அங்குலம் ஆகும். குழந்தையின் தலை நுழையாதிருக்க இடைவெளி 4 அங்குலத்துக்கு உட்படவேண்டும் என்பது பல நாடுகளிலும் வழங்கும் விதி. ஆகவே படிக்கு மூன்று, மொத்தம் 48. இருபது அடிக் கம்பி ஒன்றில் மூன்றடித் துண்டு ஆறுதான் வரும். எட்டுக் கம்பி வாங்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலொன்று கீழொன்றாக 96 இடங்களில் வெல்டிங் செய்து, 96 இடங்களையும் கிறைண்டரால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசவேண்டும். வீட்டிற் குழந்தை இருப்பதை அறிந்தும், விலை கூடிவிடுமே என்று 32 கம்பியுடன் நிறுத்துபவரைத் தொழிலாளி என்று அழைக்க எமக்கு மனமில்லை.

நாட்களைக் கூட்டுவோம். அளந்து வரைய ஒரு நாள். இரும்பு வெட்டி ஒட்ட இருவருக்கு நான்கு நாள். தேய்த்துப் பூச இருவருக்கு இரண்டு நாள். மரவேலை இருவருக்கு நான்கு நாள். ஏற்றிச் சென்று பொருத்த மூவருக்கு இரண்டு நாள். குறை தீர்க்க ஒரு நாள். ஆக 28 ஆள்நாட்கள். "இரண்டு பேருக்கு ஒரு கிழமை வேலை" என்று மதிப்பிட்டவர் 14 நாட்கூலியைத் தம் வீட்டாரின் அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். இதிலே பட்டறை முதலாளியின் சொந்தக் கூலியும் அடங்கவேண்டும்; அது இலாபமன்று. மின்சாரம், தேய்ந்த தட்டு, வெல்டிங் கம்பி, பாரவண்டி, செங்குத்தான ஒழுங்கையில் வண்டி ஏறாவிடின் தோளிற் சுமக்கும் கூலி ஆகியனவும் உண்டு.

எல்லாஞ் சேர்ந்து 4 இலட்சம் ரூபா செலவாகிறது என்று கொள்வோம். 20 வீதம் இலாபம் வைத்து 4 இலட்சத்து 80 ஆயிரம் என்கிறார். விலையின் மீது பார்த்தால் அது 20 வீதமன்று, 16 வீதத்துக்குச் சற்று மேல். விலையிலே ஐந்திலொரு பங்கு இலாபமாக வேண்டுமெனின் 5 இலட்சம் சொல்லவேண்டும். அப்பொழுது வீட்டுக்கார அம்மையார், "பாஸ், பத்து வீதம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்களேன்," என்கிறார். கேட்பது அவர் உரிமை. 4 இலட்சத்து 80 ஆயிரத்திற் பத்து வீதம் 48 ஆயிரம். 80 ஆயிரம் இலாபத்தில் எஞ்சுவது 32 ஆயிரம். குறைத்தது விலையிற் பத்து வீதம்; போனது இலாபத்தில் அறுபது வீதம். விலை குறைய வேண்டுமாயின் வேலையைக் குறைத்துக் காட்டலாம்: பலாவுக்குப் பதிலாக மலிவான மரம், மெருகுக்குப் பதிலாகச் சாதாரண வர்ணம். அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்வதாக ஒப்புக்கொள்வது, முதலிற் சொன்ன விலை பொய் என்று ஒப்புக்கொள்வதாகும்.

2022ஆம் ஆண்டை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. மார்ச்சு முற்பகுதியில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவை எட்டியது. பெப்ரவரியில் விலை சொல்லி, முற்பணம் வாங்காது, ஏப்ரலில் இரும்புக் கடைக்குச் சென்றவர் சொன்ன சொல்லைக் காப்பதா, மனைவியின் தாலிக்கொடியைக் காப்பதா என்று திகைக்க நேர்ந்தது. ஆகவே விலைக்குறிப்பிலே "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்னும் ஒரு வரி அவசியம். இரும்பும் மரமும் வாங்குமளவுக்கு முற்பணம், சட்டம் நிறுவியதும் அடுத்த பங்கு, முடிந்ததும் மீதி என்று தவணைகளையும் அதிலேயே எழுதலாம். வீட்டுக்காரருக்கும் இது பாதுகாப்பே. முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்து வேலைக்காரரைத் தேடி அலையும் துயரம் அவர்க்கு இல்லை. எது அடங்கும், எது அடங்காது என்பதையும் தாளிலே காட்டுக: சுவரை உடைத்துப் பூசுதல் யார் பொறுப்பு, மரத்துக்கு மெருகு எத்தனை பூச்சு, வேலி ஒருபுறமா இருபுறமா.

பொருத்திய படிக்கட்டு முதல் வரண்ட பருவத்தைக் கண்டபின் ஒருமுறை சென்று திருகாணிகளை இறுக்கிக் கொடுப்பதாகச் சிலர் எழுதிக்கொடுக்கின்றனர். நல்ல வழக்கம். அதற்கு அரை நாட்கூலியை முன்னமே கணக்கிற் சேர்த்துக்கொள்க.