மதுச்சாலையில் விஞ்ஞானம்

நகைச்சுவையை விளையாட்டென்றும் விஞ்ஞானத்தைச் சான்றோர் தொழிலென்றும் பிரித்துவைத்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம். இவ்விரண்டையும் ஒருங்கே கொணர்ந்து, தெருமுனை மதுச்சாலையொன்றில் அமர்த்திக் கதை சொல்வார் உளரெனின், அஃது என்ன வீண்வேலை என்று வினவுவோர் பலராவர். அவ்வேலை வீணன்று; கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒருங்கே வேண்டுவதாகிய ஒரு பழக்கத்தை அஃது ஊட்டுகின்றது என்பதே என் துணிபு.

இவ்வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் ஒரு மரபு உண்டு. டன்சேனி பிரபு 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வரும் ஜார்க்கன்ஸ் என்பார், ஒரு குவளை விஸ்கி வாங்கித் தருவார் கிடைத்தாற் போதும், நம்பவொண்ணாதவற்றையெல்லாம் நேரிற் கண்டதாகவே கூறுவார். 1953-இல் டி காம்ப், பிராட் என்னும் இருவர் கவகன் மதுச்சாலைக் கதைகளை நூலாக்கினர். ஆயினும் இம்மரபில் விஞ்ஞானச் சுவை மிக்கவை, ஆர்தர் கிளார்க் 1957-இல் தொகுத்தளித்த 'ஒயிட் ஹார்ட்' மதுச்சாலைக் கதைகள் பதினைந்துமே எனலாம். லண்டன் மாநகரில் பெட்டர் சந்தில் 'ஒயிட் ஹார்ஸ்' என்னும் மதுச்சாலை மெய்யாகவே இருந்தது. விஞ்ஞானக் கதை எழுதுவோரும் படிப்போரும் வாரந்தோறும் அங்குக் கூடி உரையாடுவர். அக்கூட்டத்தின் நிழலே கிளார்க்கின் மதுச்சாலை. ஆங்கே ஹாரி பர்விஸ் என்பவன் கதை தொடங்குவான், சூழ இருப்போரிற் சிலர் விஞ்ஞானிகளாதலின் இடைமறித்து வினாவுவர், அவனோ அசையான்.

அவன் கதைகளின் அமைப்பை ஆராய்வோம். ஓர் ஒலியலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஓரிடத்தே பொருந்துமாயின் அங்கு ஒலி அடங்கும். இது மெய், 1936-இலேயே பால் லூக் என்பவர் இதன்மேற் காப்புரிமை பெற்றார். இன்று இரைச்சலைத் தணிக்கும் காதணிக் கருவிகள் இவ்விதியாலேயே இயங்குகின்றன. பர்விஸின் கதையிலும் ஒருவன் இத்தகைய கருவியொன்று செய்து, இசைநாடக அரங்கொன்றை ஊமையாக்குகின்றான். இறுதியில், அடக்கப்பட்ட ஒலியாற்றலெல்லாம் கருவியினுள்ளே குவிந்து வெடிக்கின்றது! கேட்போர் சிரிப்பர். சிரித்தபின் ஓர் ஐயம் எழும்: ஒலி மறைந்ததெனின் அதன் ஆற்றல் எங்கே போயிற்று? கதை பொய், வினாவோ மெய். ஓரிடத்தே அடங்கிய அலைகள் பிறிதோரிடத்தே ஓங்குமென்றும், அதனாலேயே ஓர் அரங்கு முழுவதையும் அமைதிப்படுத்துதல் அரிதென்றும் அவ்வினாவைத் தொடர்ந்து செல்பவன் தானே அறிவான்.

மற்றொரு கதையில் பூமியின் ஈர்ப்பு செல்லாத ஒரு மண்டலம் தோன்றுகின்றது. அதன் நடுவிடம் சில அடித் தொலைவே. ஆனால் அச்சில அடிகளைக் கடத்தல், 4,000 மைல் உயரமுள்ள மலையொன்றில் ஏறுதற்கு ஒப்பாம். ஏனெனின், பூமியின் பிடியினின்று முற்றும் விடுபட எத்துணை ஆற்றல் வேண்டுமோ அத்துணையும் அங்கே செலவிடல் வேண்டும். உள்ளே புகுந்தவன் கால் தவறினால் கீழே விழான், பக்கவாட்டில் விழுவான்! கேலிபோல் தோன்றும் இது, ஆற்றல் அழியாமை விதியை வழுவாமற் பின்பற்றியதன் விளைவேயாம். ஈர்ப்பை இலவசமாக வென்றுவிடலாம் என்று எளிதாக எழுதுவோர்க்கு இதனினும் தக்க மறுப்பு ஏது?

பிறிதொரு கதை விஞ்ஞானிகளையே எள்ளுகின்றது. அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே ஒரு லாரி கவிழ்கின்றது. ஓட்டுநன் அலறி ஓடுகின்றான். மதுச்சாலையில் இருந்த விஞ்ஞானிகள் அணுப்பொருளென்று அஞ்சி நடுங்குகின்றனர். லாரியில் இருந்தவை தேன்கூட்டுப் பெட்டிகளே! நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியர் எண்ணினார். இங்கே பேதைமை கல்லாதவனிடத்து இல்லை, கற்றவனிடத்தே உள்ளது.

இக்கதைகளின் பயன் இதனால் விளங்கும். ஒவ்வொரு கதையும் மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிகின்றது. மெய் எவ்விடத்தே நின்றது, பொய் எவ்விடத்தே புகுந்தது என்று காண்பதே கேட்போன் தொழில். விஞ்ஞானச் சொற்களைப் போர்த்துக்கொண்டு மருந்தும் மாயமும் விற்போர் மலிந்த இக்காலத்தில், இப்பயிற்சியினும் இன்றியமையாதது வேறில்லை. ஏமாற்றுவோனும் மெய்யிலிருந்தே தொடங்குகின்றான். ஆனால் அவன் நம்மைச் சிரிக்க விடுவதில்லை.

மதுச்சாலையை ஏன் களமாக்கல் வேண்டும் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். குடியை யாமும் போற்றுகின்றிலேம். ஆயினும் இக்கதைகளில் மது ஒரு சாக்கே, வேண்டப்படுவது சமநிலை. விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் நிற்க மாணவர் வாய்மூடிக் கேட்பர். இங்கோ அறிஞனும் எழுத்தனும் ஒரே பலகையில் அமர்வர். "நம்பமாட்டேன்" என்னும் உரிமை யாவர்க்கும் உண்டு. ஸ்பைடர் ராபின்சன் 1977-இல் வெளியிட்ட காலகன் மதுச்சாலைக் கதைகளிலோ இச்சமநிலை இரக்கமாகவே கனிகின்றது. வேற்றுலகத்தானும் காலம் கடந்து வந்தவனும் அங்கே தம் துயர் கூறிக் குவளையைக் கணப்பில் எறிந்து உடைப்பர். சூழ இருப்போர் செவிசாய்ப்பர்.

இத்தகைய பொய் விஞ்ஞானத்திற்கு இழுக்கென்பார் ஒன்று நினைதல் வேண்டும். செய்தி பரப்பும் துணைக்கோள்கள் பூமிக்குமேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பணிபுரியக்கூடும் என்று 1945-இலேயே கணக்கிட்டு எழுதியவர் இதே கிளார்க். 1960-களில் அது மெய்யாயிற்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-இல் கொழும்பில் மறைந்த அவர், துல்லியமான கணக்கையும் துணிச்சலான கட்டுக்கதையையும் ஒரே பேனாவால் எழுதினார். மெய்யின் எல்லையை நன்கறிந்தவனே அவ்வெல்லையைத் தாண்டி விளையாட வல்லன்.

ஆதலின், விஞ்ஞானத்தை வணங்குதல் எளிது. அதனோடு சிரித்து வழக்காடுதலே அரிது. வணக்கம் வினாவை அடைக்கும். நகையோ அதனைத் திறக்கும். அவ்வாயிலைத் திறந்து வைத்திருக்கும் வரை, பர்விஸ் போன்ற பொய்யர் நமக்குப் பகைவரல்லர், நல்லாசிரியரே.