விடத் தெரிந்தும் விடாத வால்

சுவரில் ஒண்டியிருக்கும் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டப் போக, பல்லி போன வழி தெரியாமல் மறைய, அதன் வால் மாத்திரம் தரையில் கிடந்து துள்ளுவதைக் காணாத வீடு நம் தேசத்தில் இராது. குழந்தைகள் அலறுவார்கள், பூனை பல்லியை மறந்து வாலின்மேல் பாயும். பல்லிக்கு வேண்டியதும் அதுதான். தலையில் பல்லி விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் விஸ்தாரமாக எழுதி வைத்த பெரியோர்கள், வால் மாத்திரம் தனியே விழுந்தால் என்ன பலன் என்று சொன்னதாக நாம் கண்டதில்லை. பல்லிக்கு உண்டான பலன் மட்டும் வெளிப்படை.

இந்த வால் எவ்விடத்தில் அறுகிறது என்று கேட்டால், எலும்புக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள பொருத்தில் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். நம் வகுப்பிலும் வருஷந்தோறும் அந்த விடையே வருகிறது. அது சரியன்று. முதுகெலும்பென்பது சிறு முள்ளெலும்புகள் பலவற்றைக் கோத்த மாலை போன்றது; வால் அம்மாலையின் தொடர்ச்சி. பல்லியின் வாலில், அடிவாலை ஒட்டிய சில எலும்புகள் நீங்கலாக, ஒவ்வொரு முள்ளெலும்பின் நடுவிலும் எலும்பாக இறுகாத மெல்லிய தளம் ஒன்று குறுக்கே அமைந்திருக்கிறது. முறிவு நிகழ்வது அத்தளத்திலேயே. மணிகளுக்கு இடையே நூல் அறுவதில்லை. மணியே இரண்டாகப் பிளக்கிறது. பிறர் பிடித்து இழுப்பதால் மாத்திரம் இது நேர்வதுமன்று. பல்லி தன் வால் தசைகளை இறுக்கித் தானே முறித்துக் கொள்கிறது. இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கிவிடுவதால் இரத்தம் அதிகம் சிந்துவதில்லை.

பிறகு முளைக்கும் புது வாலிலோ முள்ளெலும்புகள் கிடையா. ஒரே நீளமான குருத்தெலும்புத் தண்டுதான் உண்டு. வெளித்தோற்றத்தில் ஏமாற்றினாலும், உள்ளே பார்த்தால் இது இரண்டாவது வால் என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு குறிப்பை நேயர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டும். பின்னால் அதுவே சாட்சி சொல்லப் போகிறது.

அரணையும் பல்லியைப் போலவே வாலை விடும். உடும்பு விடாது; பச்சோந்தி விடாது; முதலையும் விடாது. கிளையைப் பற்றுவதற்கும், பகைவனை அடிப்பதற்கும், நீந்துவதற்கும் வாலையே நம்பியிருக்கும் பிராணிகளுக்கு அதைக் கைவிடுவது கட்டுப்படியாகாது போலும். அப்படியிருக்க, ஜலத்தில் நீந்தி வாழ்ந்த ஒரு பழம்பிராணியின் வாலெலும்புகளிலும் பல்லிக்குள்ள அதே தளம் காணப்பட்டால் ஆச்சரியமல்லவா?

அப்பிராணியின் பெயர் மெஸோஸாரஸ். சுமார் 28 கோடி வருஷங்களுக்கு முன், டைனோஸார்கள் தலையெடுப்பதற்கு வெகு காலம் முந்தி, அது வாழ்ந்தது. தரையில் முட்டையிட்டு வாழக் கற்றுக்கொண்ட முதுகெலும்புள்ள பிராணிகளுள் மறுபடியும் ஜலத்துக்குத் திரும்பிய முதல் கூட்டம் அதுவே. ஏறக்குறைய ஒரு கஜ நீளம்; ஊசி ஊசியாக நீண்ட பற்கள்; உடல் மிதந்துவிடாதபடி கனம் கொடுக்கும் தடித்த விலா எலும்புகள்; பக்கவாட்டில் தட்டையான நீண்ட வால்.

முதன்முதல் சாஸ்திர உலகுக்கு வந்த மெஸோஸாரஸ், தென் ஆப்பிரிக்காவில் கிரிக்வா மக்களின் குடிசை ஒன்றில் சட்டிக்கு மூடியாக உதவி வந்த கற்பலகை என்று சொல்வார்கள். அது பிரெஞ்சுப் பேராசிரியர் பால் ஜெர்வே என்பவரிடம் போய்ச் சேர, அவர் 1860-களில் அதை ஆராய்ந்து பெயரிட்டார். பிறகு இதே இனத்து எலும்புக்கூடுகள் கடலுக்கு அக்கரையில் பிரேஸிலிலும் உருகுவேயிலும் ஏராளமாய்க் கிடைத்தன. ஒரு கஜ நீளப் பிராணி அட்லாண்டிக் மகாசமுத்திரத்தை நீந்திக் கடந்திருக்க முடியாது. ஆகவே, அக்காலத்தில் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டியே இருந்தன என்பதற்கு இது பெரிய சான்றாயிற்று. ஒட்டியிருந்த அப்பெரு நிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நம் மத்திய இந்தியாவிலுள்ள கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. மெஸோஸாரஸைப் பற்றி எழுதுவோர் அநேகமாய் இக்கண்டக் கதையோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அதன் வாலை யாரும் அதிகமாய்ப் பொருட்படுத்துவதில்லை.

வாலெலும்புகளின் நடுவே கோடு தெரிகிறதென்று சிலர் முன்னரே எழுதியிருந்தனர். மேலெழுந்தவாரியான வர்ணனை என்று வேறு சிலர் அதைச் சந்தேகித்தனர். சந்தேகிப்பதில் நியாயமும் உண்டு. கோடிக்கணக்கான வருஷங்கள் பாறையின் கீழ் நசுங்கிக் கிடந்த எலும்பில் கீறலுக்குப் பஞ்சமா? 2020-ல் மார்க் மக்டூகலும் அவருடைய தோழர்களும் இவ்விவகாரத்தை எடுத்துக்கொண்டு, பல எலும்புக்கூடுகளின் வால்களை வரிசையாக ஒப்பிட்டார்கள். எலும்பை மெல்லிய சீவலாக அரிந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். எக்ஸ்-கதிர்களால் உட்புறத்தை அடுக்கடுக்காகப் படம் பிடித்தார்கள். முடிவு: கோடு மெய்யே. மெஸோஸாரஸ், ஸ்டீரியோஸ்டெர்னம், பிரேஸிலோஸாரஸ் என்று இந்த இனத்தில் அறியப்பட்ட மூன்று வகையிலும் அது உண்டு. அது நசுங்கலால் வந்த கீறலன்று. எலும்பாக இறுகாத இடம்.

அப்படியானால் இப்பிராணி வாலை உதறிவிட்டு ஓடிற்று என்று சொல்லிவிடலாமா? கட்டுரைக்கு நல்ல தலைப்புத்தான். ஆனால் வாலெலும்பை வைத்துக்கொண்டு அவசரப்பட்டால் என்னவாகும் என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. மீன் வடிவான இக்தியோஸாரஸ் என்ற கடற்பிராணியின் எலும்புக்கூடுகள் பலவற்றில் வால் ஒரே இடத்தில் வெடுக்கென்று கீழ்நோக்கி மடிந்திருக்கும். இங்கிலாந்தின் பேர்பெற்ற ரிச்சர்ட் ஓவன் 1838-ல் இதைக் கவனித்து, உயிரோடிருந்தபோது வால் நுனியில் தோலாலான துடுப்பு இருந்திருக்க வேண்டும், இறந்தபின் அத்துடுப்பின் காரணமாகவே முதுகெலும்பு அவ்விடத்தில் நழுவி மடிந்தது என்று முடிவு செய்தார். துடுப்பைக் கண்ணால் காணாமலே ஊகித்த மேதை அவர்! ஆனால் ஊகத்தில் பாதிதான் சரி. 1890-களில் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் கற்சுரங்கங்களிலிருந்து தோலின் கருநிழல் அப்படியே படிந்த எலும்புக்கூடுகள் வந்தன. பிறைச்சந்திரன் போன்ற துடுப்பு அவற்றில் தெளிவாயிருந்தது. முதுகெலும்பு அத்துடுப்பின் கீழ்ப்பாதிக்குள் இயல்பாகவே வளைந்து இறங்கியது. வால் நழுவவேயில்லை, பிறவியிலேயே அமைந்த வளைவு அது. பிற்காலத்து மோஸஸாரஸ் இனத்திலும் இத்தகைய துடுப்பு உண்டென்பதை ஜோர்டான் தேசத்தில் கிடைத்து 2013-ல் வெளியான ஒரு மாதிரி காட்டிற்று. எலும்பு தன் அமைப்பைச் சொல்லும். அது எப்படிப் பயன்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

மெஸோஸாரஸின் விஷயத்தில் அச்சாட்சி என்ன? முன்னே நினைவில் இருத்தச் சொன்னோமே, அந்தக் குருத்தெலும்பு வால்தான். பல்லிக் கூட்டம் ஒன்றைப் பிடித்து எண்ணினால் பலவற்றுக்கு இரண்டாவது வாலே இருக்கும். மெஸோஸாரஸோ அபூர்வப் பொருளன்று. எலும்பு கலையாமல், முழு உருவமாகவே பல பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றிலேனும் வால் பாதியில் அறுபட்டதற்கோ, அறுந்த இடத்தில் புதிது வளர்ந்ததற்கோ அடையாளம் இல்லை. ஆராய்ந்தவர்கள் இன்னொரு காரணமும் காட்டுகிறார்கள்: அந்த நீர்நிலைகளில் மெஸோஸாரஸை வேட்டையாடக்கூடிய பெரும் பகைவர் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்விரண்டில் முதலாவதே வலுவுள்ளது என்பது நம் அபிப்பிராயம். பகைவனின் எலும்பு கிடைக்காததால் பகைவனே இல்லை என்று எண்ணுவது, திருடன் அகப்படாததால் திருட்டே இல்லை என்பதைப் போல ஆகும். மொட்டை வால் ஒன்றுகூட இல்லாதது அப்படியன்று. தேடவேண்டிய இடத்திலேயே தேடிப் பார்த்தும் காணாத பொருள் அது.

உபயோகப்படாத கோடு பின் எதற்காக இருந்தது? இங்கேதான் தரைப்பிராணி ஒன்று உதவிக்கு வருகிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா ராஜ்யத்தில் கிடைக்கும் காப்டோரைனஸ் என்ற ஊர்வது சுமார் 28.9 கோடி வருஷத்துக்கு முந்தியது. இரண்டு கிலோ எடைக்கும் குறைவானது. அதன் வாலெலும்புகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டவர்கள், இளம் குட்டிகளில் முறிவுத் தளம் தெளிவாயிருப்பதையும், வளர்ந்தவற்றில் அது பெரும்பாலும் இறுகி மூடிக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். எல்லோருக்கும் இரையாகும் பருவத்தில் வாலைக் கொடுத்துத் தப்பவும், வளர்ந்து பலம் பெற்றபின் வாலைக் காத்துக் கொள்ளவும் ஏற்ற ஏற்பாடு. ஆகையால் மெஸோஸாரஸின் தரைவாழ் முன்னோர்களும் இத்தகைய வித்தையை உடையவர்களாய் இருந்திருக்கலாம். சந்ததி ஜலத்தில் இறங்கிய பின்னும் எலும்பில் அக்கோடு எஞ்சி நின்றது என்பது மக்டூகல் குழுவினரின் கருத்து.

வேண்டாததை இயற்கை ஏன் உடனே நீக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். தீங்கு செய்யாத ஒன்றை நீக்குவதற்கு இயற்கைக்கு அவசரம் இல்லை. பல்லி தசையை இறுக்கினாலன்றி வால் எளிதில் முறிவதில்லை என்று பார்த்தோம். அவ்வாறே மெஸோஸாரஸும் இறுக்காதவரையில் நீச்சலுக்கு அக்கோட்டால் பெரிய இடையூறு இருந்திராது. நம் முதுகெலும்பின் அடியிலும் நாலைந்து சிறு எலும்புகள் ஒட்டிக்கொண்டு ஒரு முனையாக நிற்கின்றன; முன்னோர்களின் வாலில் மிச்சம் அது. சில தசைகளுக்குப் பற்றிடமாக இன்று வேலை செய்கிறதே யொழிய, வாலின் வேலையை அது செய்வதில்லை.

காப்டோரைனஸ் கூட்டம் அழிந்தபின் இந்த வித்தையும் வெகு காலத்துக்குக் காணப்படவில்லை. கோடிக்கணக்கான வருஷங்கள் கழிந்து, பல்லியினத்தில் அது புதிதாகவே மீண்டும் தோன்றியதென்று கருதுகிறார்கள். நம் சுவரிலுள்ள பல்லிக்கு மெஸோஸாரஸ் பாட்டனாரல்லர் என்பதை இதனால் அறியலாம். மெஸோஸாரஸின் மெய்யான பாட்டனார் தரையில் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது இன்னும் தீராத வழக்கு. வாலைப் பற்றிய தீர்ப்பும் இப்போதுள்ள சாட்சியங்களைக் கொண்டு சொன்னதே. பிரேஸிலிலோ தென் ஆப்பிரிக்காவிலோ நாளை ஒருவர் பாறையைப் பிளக்கும்போது, நடுவில் அறுந்து குருத்தெலும்பாய் நீண்ட ஒரேயொரு வால் அகப்பட்டுவிட்டால் வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.